கடலூர் அரசுப் பள்ளிகள்: பணம் எங்கிருந்து வருகிறது, யாரைக் கேட்பது

மாவட்டத்துக்கு முதன்மைக் கல்வி அலுவலர், அவருக்குக் கீழே மாவட்டக் கல்வி அலுவலர், ஊராட்சி ஒன்றிய அளவில் வட்டாரக் கல்வி அலுவலர். தொடக்கப் பள்ளிப் புகாரை நேரே மேலே கொண்டுபோனால் அது வட்டாரத்துக்கே திரும்பி வரும். அங்கேயே தொடங்குங்கள்.

இந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதி பெண்கள். பல பெற்றோருக்கு இந்த அதிகாரம் தங்களிடம் இருப்பதே தெரிவதில்லை, அதுதான் வருத்தம்.

பலவீனம் பணத்தில். சமக்ர சிக்‌ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. ஒன்றியப் பங்கு 2024-25இல் நிறுத்திவைக்கப்பட்டபோது மாநிலமே சுமக்க வேண்டியிருந்தது. பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைப்படி: 31 முதல் 100 பேர் என்றால் ரூ.25,000, 101 முதல் 250 வரை ரூ.50,000. இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு. கடலோரத்தில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையும் குழாய்த் திருகையும் அரிக்கும். மழைக்கு முன் மாடி வடிகால் அடைப்பை எடுக்காவிட்டால் சுவர் ஊறும். பழுதுக்கென்று குழுவில் தீர்மானம் போடுவதை ஜனவரி வரை தள்ளாதீர்கள், நிதியாண்டு மார்ச் 31இல் முடிந்துவிடும்.

தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் பார்த்துப் பள்ளியை எடைபோடாதீர்கள். ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள்; இடையில் எத்தனை பேர் நின்றுபோனார்கள் என்பது அதில் தெரியும். காலை உணவு, 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாவற்றிலும் உண்டு; அதற்குத் தயங்காமல் முழு மதிப்பெண்.