ஒரு புழுவின் கீழே நடந்த உரையாடல்: ஐநேச்சுரலிஸ்ட் செயலி மதிப்புரை

மாடியில் வைத்திருக்கும் கறிவேப்பிலைத் தொட்டியில், பறவை எச்சம் என்று நினைத்துத் துடைக்கப் போன ஒரு கறை மெல்ல நகர்ந்தது. அது என்ன புழு என்று அறிய விரும்பி, நான் அப்போது சேர்ந்திருந்த இயற்கை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் படத்தை இட்டேன். காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் நடுவே என் கேள்வி பத்து நிமிடத்தில் மேலே போய் மறைந்தது. மாலையில் வந்த ஒரே பதில், குழுவின் பழைய செய்திகளைத் தேடிப் பார்க்காமல் கேட்கக் கூடாது என்பதுதான். அந்த வாரமே ஐநேச்சுரலிஸ்ட் செயலியை நிறுவினேன். இரண்டு ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு, அது உயிரினங்களுக்குச் சரியாகப் பெயர் சொல்கிறதா என்பதைவிட, புதிதாக வருபவரை எப்படி நடத்துகிறது என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2008ஆம் ஆண்டு முதுகலை மாணவர்கள் மூவர் தங்கள் படிப்புக்கான திட்டமாகத் தொடங்கியது இது. 2023 முதல் தனித்து இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பாக இருக்கிறது. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. ஓர் உயிரினத்தை எங்கே, எப்போது கண்டோம் என்ற குறிப்போடு படத்தை ஏற்றினால், உலகில் எவரும் அதன் பெயரை முன்மொழியலாம். குறைந்தது இருவர் பெயரிட்டு, மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் உடன்பட்டு, தேதியும் இடமும் சரியாக இருந்தால் பதிவு 'ஆய்வுத் தரம்' பெறுகிறது.

இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, பேச்சு எங்கே அமர்கிறது என்பது. ஒவ்வோர் உரையாடலும் ஒரே ஓர் உயிரின் ஒரே ஒரு பதிவுக்குக் கீழே நடக்கிறது. ஆகவே அரசியலும் வாழ்த்தும் உள்ளே வர இடமில்லாமல் போகிறது. யாரும் யாரையும் அதட்ட வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. என் புழுவின் கீழே முதலில் வந்தவர், தலைப்பக்கத்தை நேராகவும் உடலைப் பக்கவாட்டிலும் இன்னும் இரண்டு படங்கள் எடுக்க முடியுமா என்று கேட்டார். எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை ஆகியவற்றைத் தின்று வளரும் சில பட்டாம்பூச்சிகளின் இளம்புழுக்கள் எல்லாமே எச்சம் போன்ற தோற்றத்தில் இருப்பதால், இப்போதைக்குப் 'பாப்பிலியோ' என்ற பேரினத்தோடு நிறுத்துகிறேன் என்றும் எழுதினார். தெரிந்த அளவில் நிற்கும் அந்த நேர்மை எனக்குப் புதிதாக இருந்தது.

மகிழ்ச்சியில் நான் அங்கேயே, செடி வாடுகிறதே, என்ன உரம் இடலாம் என்று கேட்டுவிட்டேன். "ஐயா, அதைத் தனி மடலில் பேசுவோம், பின்னால் இந்தப் பதிவைத் திறப்பவருக்குப் புழுவைப் பற்றிய பேச்சு மட்டும் இருந்தால் பயன்படும்" என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து அவரே மடல் அனுப்பினார்: புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து வேரில் ஊற்றுங்கள், புழு இருக்கும்வரை இலையில் எந்த மருந்தும் தெளிக்காதீர்கள் என்று. பொருளுக்கு அப்பாற்பட்ட பேச்சை மறுக்காமல், அதற்குரிய திண்ணைக்கு அழைத்துச் சென்ற அந்தப் பண்பை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

புதியவர்கள் சில வழக்கங்களை அறிந்துகொண்டால் மனவருத்தம் இராது. என் இரண்டாவது பதிவு தொட்டியில் வளர்த்த செம்பருத்தி. மனிதர் நட்டதும் வளர்த்ததும் காட்டுயிர் அல்ல என்று குறிக்கப்படும். அப்படிக் குறிக்கப்பட்டது ஆய்வுத் தரம் பெறாது. அதே தொட்டிச் செடியில் தானாக வந்து முட்டையிட்ட பட்டாம்பூச்சியின் புழுவோ காட்டுயிர்தான். இந்த வேறுபாடு புரிந்த பிறகு எனக்கு மாடியே வேறாகத் தெரிந்தது. அடுத்தது உடன்படும் பொத்தான். நிபுணர் ஒருவர் பெயர் சொன்னவுடன் நன்றி கூறுவதாக எண்ணி அதை அழுத்துவோர் பலர். நமக்கே அடையாளம் தெரியாதபோது அழுத்தினால், ஒருவரின் கருத்து இருவரின் கருத்தாக மாறி, தவறு இருந்தால் அதுவும் ஆய்வுத் தரம் பெற்றுவிடும். நன்றி சொல்ல ஒரு வரி எழுதினால் போதும்.

எங்கே பார்த்தீர்கள் என்று துல்லியமாகக் கேட்பதும் இங்கே தவிர்க்கப்படுவது. நட்சத்திர ஆமை போலப் பிடித்து விற்கப்படும் ஆபத்துள்ள இனங்களின் இடத்தைச் செயலியே மறைத்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டுகிறது. நம் வீட்டு மாடியையும் அவ்வாறே மறைத்துக்கொள்ளலாம். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் இதை முதல் நாளே செய்துகொள்வது நல்லது.

'எவரும் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார் என்று கொள்க' என்பது இதன் சமூக நெறிகளில் ஒன்று. ஆனால் நெறி இருப்பது மட்டும் போதாது. காட்டுயிர் அல்ல என்று குறிப்பவர் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லாததால், ஆசையோடு ஏற்றிய படம் ஏன் ஒதுங்கியது என்று புரியாமலே விலகிப்போகும் புதியவர்கள் இருக்கக்கூடும். ஒரு சொடுக்கில் ஒரு வரி விளக்கத்தையும் சேர்த்து அனுப்பும் வசதி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நான் கண்ட உரையாடல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதும் தயக்கம் தருவதே. தமிழில் எழுதலாம் என்பதைத் துணிந்து எழுதித்தான் அறிந்தேன். பேச்சே வேண்டாம் என்பவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கேமராவில் காட்டினால் தானே பெயர் சொல்லும், இதே அமைப்பின் சீக் செயலி பொருந்தும். அதற்குக் கணக்கே தொடங்க வேண்டியதில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும் பொறுமை அவசியம். பறவைக்கும் பட்டாம்பூச்சிக்கும் விரைவில் ஆள் வருவார்கள். பூஞ்சைக்கும் சிறு வண்டுக்கும் மாதக்கணக்கில் எவரும் வராமல் போகலாம், அது புறக்கணிப்பு அன்று. மழை விட்ட மறுநாள் தென்னை மட்டையில் நான் எடுத்த காளான் படம் எட்டு மாதமாகப் பெயரின்றி இருக்கிறது. அதன் கீழே சென்ற வாரம்தான் ஒருவர், குடையின் அடிப்பக்கத்தைக் காட்டும் படம் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். இல்லை என்றும், இந்த ஐப்பசி மழையில் மட்டையைப் புரட்டிப் பார்த்து எடுக்கிறேன் என்றும் தமிழிலேயே பதில் எழுதியிருக்கிறேன்.