5,900 ரூபாய்க்கு ஆறு நிமிஷம்: ஓர் எழுத்தாளர் சந்திப்புக்குப் போய்வந்தேன்

கையில் பதினொரு சிறுகதை இருந்தது, யாரிடம் கொடுப்பது என்று மட்டும் தெரியவில்லை. இந்த நிலையில் மூன்று வருஷம் ஓட்டியிருப்பேன். 2024 நவம்பரில் போனில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரே நாளில் ஏஜென்ட், எடிட்டர், பதிப்பாளர் மூவரையும் நேரில் சந்திக்கலாம், ஐயாயிரம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆக 5,900. தி.நகரில் ஒரு ஹோட்டலின் கீழ்த்தள ஹால். நடத்தியவர்கள் பெயரைப் போடப்போவதில்லை. இந்த மாதிரி விளம்பரம் அப்புறமும் இரண்டு மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது, எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கிறது, அதனால் பெயர் தெரியாததால் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

காலை ஒன்பதரைக்குப் போனால் வாசலில் ஒரு பை, ஒரு நோட்டு, எழுதாத பேனா, பெயர் அட்டை. முப்பத்து நாலு பேர் வந்திருந்தோம். எனக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், மஞ்சப்பையில் எண்ணூறு பக்கச் சரித்திர நாவல். சோழர் காலமா சார் என்றேன். பின்னே என்றார். முன்வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் ஆங்கிலத்தில் மாயாஜாலக் கதை எழுதுகிறாள், மூன்று பாகம், முதல் பாகம் முடிந்துவிட்டதாம். மீதிப் பேரில் பாதி கவிதை. கவிதை எழுதியவர்களுக்கு அன்றைக்குக் கிடைத்தது சாப்பாடு மட்டும்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் அமர்வு ஏஜென்ட். தில்லியிலிருந்து வந்திருந்தார், ஆங்கிலத்தில்தான் பேசினார், ஆனால் சுற்றி வளைக்காமல் பேசினார். ஏஜென்ட் என்பவர் உங்கள் கையெழுத்துப் பிரதியைப் படித்து, பிடித்திருந்தால் சரியான பதிப்பகத்தின் சரியான எடிட்டரிடம் கொண்டுபோய் விற்பவர். விற்றால் உங்களுக்கு வரும் பணத்தில் 15 சதவீதம் அவருக்கு, வெளிநாட்டு உரிமை என்றால் 20 வரை போகும். விற்காவிட்டால் அவருக்கு ஒன்றும் கிடையாது. இதில் முக்கியமான விஷயம் என்னவென்றால், படித்துப் பார்ப்பதற்கே காசு கேட்பவர் ஏஜென்ட் இல்லை. இதை அவர் இரண்டு தடவை சொன்னார், இரண்டாவது தடவை சொல்லும்போது நடத்துபவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது, என் கற்பனையாகவும் இருக்கலாம். அனுப்ப வேண்டியது என்ன என்பதையும் சொன்னார். ஒரு பக்கத்துக்கு மிகாத கடிதம், முடிவையும் சேர்த்துச் சொல்லும் கதைச்சுருக்கம் (முடிவை மறைத்து "படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்" என்று எழுதினால் அங்கேயே மூடிவைத்துவிடுவாராம்), நாவலின் முதல் மூன்று அத்தியாயம். சியாஹி, ரைட்டர்ஸ் சைட், ஜகரண்டா என்று இந்தியாவில் இயங்கும் ஏஜென்சிகள் சிலவற்றைப் பலகையில் எழுதிப்போட்டு, தங்களுக்கு எப்படி அனுப்ப வேண்டும் என்று ஏஜென்சிகளே தங்கள் தளத்தில் போட்டிருக்கும், அதைப் படிக்காமல் அனுப்பாதீர்கள் என்றார். கல்லூரிப் பெண் பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டாள். அவளுக்கு அன்றைக்குக் கொடுத்த காசு அந்த ஒரு மணி நேரத்திலேயே வந்துவிட்டது.

எனக்கு வரவில்லை. கேள்வி நேரத்தில் எழுந்து, நான் தமிழில் எழுதுகிறேன், எனக்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, முப்பது பக்கம் நல்ல ஆங்கில மொழிபெயர்ப்பு இருந்தால் அனுப்புங்கள், அதுவும் தமிழில் புத்தகமாக வந்து கொஞ்சம் பேசப்பட்ட பிறகு அனுப்பினால் நல்லது என்றார். நேர்மையான பதில். ஆனால் விளம்பரத்தில் இதை ஒரு வரி போட்டிருக்கலாம் இல்லையா? முப்பத்து நாலு பேரில் இருபத்தைந்துக்கு மேல் தமிழில் எழுதுகிறவர்கள். தமிழில் எழுத்தாளருக்கும் பதிப்பகத்துக்கும் நடுவில் ஏஜென்ட் என்று ஒரு ஆள் உட்காரும் வழக்கம் கிட்டத்தட்ட இல்லை. புத்தகத்தின் விலை, அச்சாகும் பிரதிகள், அதில் நமக்கு வரும் ராயல்டி, அதில் 15 சதவீதம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் காசில் அவர் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் போய்வரலாம்.

அடுத்து வந்த பதிப்பாளர் இந்தக் கணக்கை விளக்கினார். முன்பெல்லாம் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதி அடித்து வைப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்துவிட்டதால் முதலில் நூறு, இருநூறு அடித்துப் பார்க்கிறார்கள், போனால் மறுபடி. ராயல்டி வழக்கமாக 10 சதவீதம். அரசு நூலகங்களுக்கு வாங்குகிற லைப்ரரி ஆர்டர் கிடைத்தால் பிழைத்தோம், கிடைக்காவிட்டால் புத்தகக் காட்சிதான் கதி. அவரே சொன்னதுதான் இது, சிரித்துக்கொண்டே சொன்னார், யாரும் சிரிக்கவில்லை.

சாப்பாடு நன்றாக இருந்தது. வத்தக்குழம்பு பிரமாதம்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் எல்லா நாற்காலியிலும் ஒரு வழவழப்பான துண்டுப் பிரசுரம். வெள்ளி, தங்கம், வைரம் என்று மூன்று பேக்கேஜ். தங்கம் 45,000 ரூபாய். அதில் ஐம்பது பிரதி, அட்டை வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொடுக்கிற அடையாள எண்), அப்புறம் "ஏஜென்ட் அறிமுகம்". காலையில் ஒருவர் மேடையில் நின்று காசு கேட்பவர் ஏஜென்ட் இல்லை என்று சொல்லிவிட்டுப் போன அதே ஹாலில்! ஐஎஸ்பிஎன் விஷயமும் அப்படித்தான். இந்தியாவில் ஐஎஸ்பிஎன் இலவசம். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் மத்திய அரசின் அமைப்பு ஒன்று இருக்கிறது, தனியாகப் புத்தகம் போடுகிற எழுத்தாளரும் அதில் விண்ணப்பித்து வாங்கலாம். அதற்கு ஒரு வரி ஒதுக்கி, ஏதோ பெரிய சலுகை மாதிரி அச்சிட்டிருந்தார்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவதை நான் குறை சொல்லவில்லை, தமிழில் எவ்வளவோ நல்ல கவிதைத் தொகுப்பு அப்படி வந்ததுதான். அச்சகத்துக்குக் கொடுக்கிற காசு வேறு, "உங்கள் எழுத்தை நாங்கள் தேர்ந்தெடுத்திருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வாங்குகிற காசு வேறு. தலைமையாசிரியர் தங்கத்தில் சேர்ந்துவிட்டார். நான் ஐஎஸ்பிஎன் இலவசம் சார் என்று காதில் சொல்லிப்பார்த்தேன். இருக்கட்டும் தம்பி, பென்ஷன் பணம்தானே என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இனி அந்த ஆறு நிமிஷம். மதியம் இரண்டரை மணியிலிருந்து நேர்முகச் சந்திப்பு. ஹாலின் நாலு மூலையில் நாலு மேஜை, ஆளுக்குப் பத்து நிமிஷம், மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும், கோயில் தரிசனம் மாதிரி. டோக்கன் கொடுத்தார்கள். எடிட்டர் மேஜைக்குத்தான் கூட்டம். என் முறை வரும்போது ஐந்தரை ஆகிவிட்டது, பத்து நிமிஷம் ஆறாகச் சுருங்கியிருந்தது.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு பதிப்பகத்தில் இருபது வருஷமாகப் பிரதி திருத்துகிறவர். நான் பதினொரு கதையும் கொண்ட ஸ்பைரல் பைண்டிங்கை நீட்டினேன். முதல் பக்கம் மட்டும் போதும் என்றார். பென்சிலை எடுத்தார், வாய்க்குள்ளேயே முணுமுணுத்துப் படித்தார், நாலு இடத்தில் ஒற்று போட்டார், பிறகு முதல் பத்தி முழுக்கக் குறுக்கே ஒரு கோடு. அது மழை பெய்கிற பத்தி. மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது.

"இது நீங்க சமைக்கறதுக்கு முன்னாடி பாத்திரம் உருட்டற சத்தம். சாப்பிட வந்தவருக்கு இது எதுக்கு? 'பெரியப்பா கடிகாரத்தைக் கழற்றி வைத்தார்'னு ரெண்டாவது பத்தியில ஆரம்பிக்குதே, கதை அங்கதான் இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் மூன்று கேள்வி. இது எந்த எழுத்துருவில் அடித்தது? பாமினி என்றேன், யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு. பெருமூச்சு விட்டார், யூனிகோடில் மாற்றிவிட்டு மாற்றியதை ஒருமுறை முழுக்கப் படியுங்கள், மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போயிருந்தால் அந்த வேலையைச் செய்துகொண்டிருக்க எந்தப் பதிப்பகத்திலும் ஆள் கிடையாது என்றார். ஏதாவது பத்திரிகையில் வந்திருக்கிறதா? இல்லை. எங்கள் பதிப்பகத்தில் கடைசியாக வந்த சிறுகதைத் தொகுப்பு எது படித்தீர்கள்? நான் விழித்தேன். மணி அடித்துவிட்டார்கள். எழுந்திருக்கும்போது, "முதல்ல ரெண்டு கதையைப் பத்திரிகைக்கு அனுப்புங்க. அப்புறம் எங்க புத்தகம் நாலு படிச்சுட்டு, நாங்க போடற மாதிரிதான் நீங்க எழுதறீங்களான்னு பாருங்க. இல்லேன்னா வேற கதவு" என்றார். முகம் சுண்டிப்போய்த்தான் வெளியே வந்தேன்.

வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். நம் ஊரில் எடிட்டர் என்றால் பல பேருக்கு மெய்ப்புப் பார்ப்பவர் என்றுதான் எண்ணம், சந்திப்பிழை திருத்தினால் வேலை முடிந்தது. எழுத்தாளருடன் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகப் பிரதியைச் செம்மை செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தவர் என்று க்ரியா ராமகிருஷ்ணனைச் சொல்வார்கள். 1974-ல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கியவர், 2020-ல் போய்விட்டார். அந்த மாதிரி ஒரு பென்சில் நம் பக்கத்தில் ஓடுவதற்கு ஆறு நிமிஷமானாலும் ஒரு விலை உண்டு. ஆனால் அது 5,900 தானா என்றால், இல்லை. மூன்று மணி நேரம் வரிசையில் உட்காராமல், பேக்கேஜ் துண்டுப் பிரசுரம் இல்லாமல், எடிட்டர் மேஜை மட்டும் ஆயிரத்து ஐந்நூறுக்கு வைத்தால் நான் மறுபடி போவேன்.

அந்த அம்மா சொன்னதைச் செய்தேன், இதற்கு ஆன செலவு குறைவு. டிசம்பர் 27-ந் தேதி நந்தனம் ஒய்எம்சிஏவில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கியது, 900 கடை. 1977-லிருந்து நடக்கிறது, நானும் இருபது வருஷமாகப் போகிறேன், ஆனால் இந்தத் தடவைதான் வாங்குகிற கண்ணோடு பார்க்காமல் விற்கப்போகிற கண்ணோடு பார்த்தேன். புதியவர்களின் முதல் தொகுப்பை யார் போடுகிறார்கள், யார் மறுபதிப்பும் மொழிபெயர்ப்பும் மட்டும் போடுகிறார்கள், யாருடைய புத்தகத்தில் எழுத்துப்பிழை இல்லை, இதெல்லாம் ஒரு கடையில் கால் மணி நேரம் நின்று புரட்டினாலே தெரிந்துவிடுகிறது. முகவரியும் மின்னஞ்சலும் உள்பக்கத்திலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன், பதிப்பாளர் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருக்கும்போது கையெழுத்துப் பிரதியை நீட்டாதீர்கள். ஒருவர் நீட்டியதை என் கண்ணால் பார்த்தேன், அது பார்சல் கட்டும் மேஜைக்கு அடியில் போனதையும் பார்த்தேன். கூட்டமில்லாத ஒரு வேலைநாள் மதியம் போய், அவர்கள் புத்தகம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பிரதி அனுப்பினால் யார் படிப்பார்கள் என்று மட்டும் கேட்டால் பேர் சொல்கிறார்கள். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள்.

ஏஜென்ட் ஆசை இன்னும் இருப்பவர்களுக்கு: அரசு நடத்தும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி 2023 ஜனவரியிலிருந்து நடக்கிறது, அங்கே வெளிநாட்டுப் பதிப்பாளர்களும் ஏஜென்ட்டுகளும் வருகிறார்கள். அது உரிமை விற்கிற இடம், பதிப்பகங்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிற இடம். நம் புத்தகம் முதலில் தமிழில் வந்து, நம் பதிப்பாளர் அதை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார வேண்டும். கையெழுத்துப் பிரதியோடு நாமே போய் நின்றால் காபி குடித்துவிட்டு வரலாம்.

பத்திரிகைக்கு வருகிறேன். சொல்வனம், வல்லினம், கனலி மாதிரி இணைய இதழ்களில் கதை வந்தால் எடிட்டர்களும் படிக்கிறார்கள் என்பது கடைகளில் பேசியபோது தெரிந்தது. நான் நாலு இதழுக்கு அனுப்பினேன், ஒரு கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாமல். ஒன்றிலிருந்து இரண்டு வரியில் மறுப்பு, இரண்டிலிருந்து இன்றுவரை பதில் இல்லை, ஒன்று நாலு மாசம் கழித்து எடுத்துக்கொண்டது. பெரியப்பா கடிகாரத்தைக் கழற்றி வைக்கிற கதைதான், மழை இல்லாமல். அந்த அம்மாவுக்கு அதை அனுப்பிவைத்தேன். இரண்டாவது நாள் பதில் வந்தது, "நன்றாக இருக்கிறது. கடைசிப் பத்தியிலும் ஒரு பாத்திரம் உருளுகிறது." தொகுப்பு இன்னும் வரவில்லை, ஒரு பதிப்பகத்தில் இருக்கிறது, படித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

சரி, மதிப்பெண். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் என்றால் ஐந்துக்கு மூன்றரை, தைரியமாகப் போங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் என்றால் இரண்டு, அந்த இரண்டும் பென்சிலுக்கு. போவது என்று முடிவு செய்துவிட்டால் ஒன்பது மணிக்கே போய் எடிட்டர் மேஜைக்கு முதல் ஐந்து டோக்கனுக்குள் வாங்கிவிடுங்கள், பத்து நிமிஷமும் முழுசாகக் கிடைக்கும். ஸ்பைரல் பைண்டிங் வேண்டாம், சிறந்த கதை ஒன்றின் முதல் இரண்டு பக்கம், பெரிய எழுத்து, இரண்டு வரி இடைவெளி. மதியம் சாப்பிடப் போகும்போது பர்ஸை வீட்டுக்காரரிடமோ வீட்டம்மாவிடமோ கொடுத்துவிட்டு வந்திருப்பது நல்லது. பைக் நிறுத்த இடம் இல்லை, மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடுங்கள்.