பாபிக்யூ இக்னைட்டர் மாற்ற ஆள் கூப்பிடுகிறவர்கள் கவனம்

கனடாவில் ரொறன்ரோவை அண்டிய ஸ்காபரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் பக்கம் இருக்கிறவர்களுக்கு இது. "பாபிக்யூ சேர்விஸ், இக்னைட்டர் மாற்றம், வீட்டுக்கே வந்து செய்து தரப்படும்" என்று தமிழிலேயே விளம்பரம் போடுகிறார்கள். இக்னைட்டர் என்றால் பட்டனை அமத்தியதும் பொறி தட்டி அடுப்பைப் பற்றவைக்கிற பாகம். மே மாதத்து விக்டோரியா டே நீண்ட வார இறுதிக்கு எல்லாரும் பின்வளவில் அடுப்பைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் இவை முளைக்கும். அப்படி வந்த ஒருவர் எங்கள் வீட்டில் ஒரேயொரு பற்றறியை மாற்றிவிட்டு 285 டொலர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். பெயர் போடவில்லை. எப்படிச் செய்தார் என்று மட்டும் எழுதுகிறேன்.

எங்களுடையது மூன்று பேர்னர் உள்ள புரொப்பேன் அடுப்பு. பட்டனை அமத்தினால் டிக் டிக் என்று சத்தம் வரும், நெருப்புப் பிடிக்காது. நீட்டு லைட்டரால் பற்றவைத்தால் மூன்றும் நீலமாக ஒழுங்காக எரியும். அப்படியென்றால் காஸ் வருகிறதில் பிழை இல்லை, பொறி விழுகிறதில்தான் பிழை. இதை இப்படியே எழுதி அனுப்பினேன். "120 டொலர், சாமானும் கூலியும் சேர்த்து" என்று மெசேஜில் பதில் வந்தது.

வந்தவர் பட்டனை ரெண்டு தரம் அமத்திப் பார்த்தார். "அண்ணை, மாட்யூல் செத்துப்போச்சு. எலக்ட்ரோட்டும் சரியில்லை, வயரும் மாத்தத்தான் வேணும்" என்றார். முதல் பொய் இதுதான். மாட்யூல் என்பது பட்டனுக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பெட்டி. ஒரு ஏஏ பற்றறியின் ஒன்றரை வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக்கி வயர் வழியே அனுப்புகிறது அது. டிக் டிக் கேட்கிறதென்றால் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. சத்தமே இல்லாவிட்டாலும் முதலில் பார்க்கவேண்டியது பற்றறியை. (சில அடுப்புகளில் பற்றறியே இருக்காது, அமத்தினால் 'டக்' என்று ஒரு அடி மட்டும் கேட்கும். அது பீசோ, உள்ளே சின்னச் சுத்தியல் ஒன்று படிகத்தில் அடிக்கிறது. நான் சொல்வது அதற்குப் பொருந்தாது.)

வேலை தொடங்கியதும் ஒரு துணி கேட்டார். பிறகு வாளியில் தண்ணி கேட்டார். பிறகு குடிக்க ஏதும் இருக்கோ என்றார். வீட்டுக்கு வந்த மனிசன் கேட்டால் கொடுக்காமல் இருப்போமா? நான் உள்ளே போய்த் திரும்பும் நேரமெல்லாம் ஏதோ ஒன்று 'மாற்றப்பட்டு' முடிந்திருந்தது. கடைசியில் அடுப்புக்குக் குறுக்கே முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "பாருங்கோ அண்ணை, பத்திட்டுது" என்றார். பத்தித்தான் இருந்தது. எதனால் பத்தினது என்பது அந்த முதுகுக்குத்தான் தெரியும்.

பில்: மாட்யூல் 110, எலக்ட்ரோட் 65, வயர் 30, கூலி 80. 120 என்று சொன்னது என்னவாயிற்று என்றால், "அது செக் பண்ண முதல் சொன்ன விலை" என்றார். கழற்றின பழைய சாமான் எங்கே என்றால், "அதுகள் ரீசைக்கிளுக்கு, நான் கொண்டுபோறன்." பையைத் திறந்து காட்டவில்லை.

அடுத்த நாளே பழைய குருடி கதவைத் திறடி. டிக் டிக் வருகிறது, நெருப்பு இல்லை. மச்சான் மூடியைத் திறக்காமலே குமிழைத் திருப்பிவிட்டுத் திரும்பத் திரும்ப அமத்தியிருக்கிறார். புரொப்பேன் காற்றைவிடப் பாரமானது, மேலே கிளம்பிப் போகாது, பெட்டிக்குள்ளேயே தேங்கும். திடீரென்று 'டுப்' என்று பிடித்து, கையில் மயிர் கருகினதோடு தப்பினார். மூடி திறந்திருக்கவேண்டும். நாலைந்து செக்கனில் பற்றாவிட்டால் காஸை நிறுத்தி ஐந்து நிமிடம் விட்டுத்தான் மறுபடி முயலவேண்டும்.

எங்கள் தெருவில் ஃபேர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) வேலை செய்கிற அண்ணை ஒருவர் இருக்கிறார், காஸ் வேலைக்கான ஜீ.2 லைசன்ஸ் உள்ளவர். அவர் வந்து சிலிண்டரை மூடி, கம்பித் தட்டுகளை எடுத்துவிட்டு, இருட்டும் மட்டும் பொறுத்திருந்து பட்டனை அமத்தச் சொன்னார். எலக்ட்ரோட் என்பது வெள்ளைப் பீங்கான் குழாய்க்குள் ஓடும் ஒரு கம்பி. பொறி அதன் நுனியிலிருந்து பேர்னருக்குப் பாயவேண்டும். எங்களுடையதில் நுனியில் ஒன்றுமே இல்லை. இரண்டு அங்குலம் பின்னால், பீங்கானில் மயிரளவு வெடிப்பு ஒன்றிலிருந்து நீலப் பொறி பக்கத்துத் தகட்டுக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. வெடிப்பின் மேல் அந்த ஆள் பூசின வெள்ளைச் சிலிக்கன் பசை ஒரு நாள் சூட்டிலேயே கருகிச் செதிலாகியிருந்தது. எலக்ட்ரோட்டைப் பிடித்திருக்கும் ஸ்குறூவின் தலையில் துரு அப்படியே, திருப்புளி பட்ட அடையாளமே இல்லை. மாட்யூலில் பழைய பற்றறி கசிந்த உப்பும் அப்படியே. பற்றறி மட்டும் புதிது.

புது எலக்ட்ரோட் ஹார்ட்வெயார் கடையில் 18 டொலர். ஒரு ஸ்குறூ, ஒரு வயர் கிளிப். நுனிக்கும் பேர்னருக்கும் இடையில் நாலைந்து மில்லிமீற்றர் விட்டுப் பூட்டினார், தேத்தண்ணி ஆறமுதல் முடிந்தது. கூலி கேட்கவும் இல்லை.

பழைய ஆளுக்கு ஃபோன் எடுத்தேன். "சாமான் சைனாவிலயிருந்து வாறது அண்ணை, அதுக்கு நான் பொறுப்பில்லை" என்றார். மாற்றவே இல்லையே என்று ஸ்குறூவின் படத்தை அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் என்னை மறித்துவிட்டார்.

ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் மதிப்பீடு சொல்லிவிட்டு, நீங்கள் புது வேலைக்கும் புது விலைக்கும் சம்மதிக்காதவிடத்து, 10 வீதத்துக்கு மேல் கூட்டி எடுக்க முடியாது. 120 சொன்னவர் 132க்கு மேல் கேட்கக்கூடாது. தேவையில்லாத பாகம் தேவை என்று சொல்வதும் அதே சட்டத்தில் முறைகேடுதான். அப்படி முறைகேடு நடந்திருந்தால் ஒரு வருடத்துக்குள் எழுத்தில் அறிவித்து ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வராவிட்டால் மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவுக்கு முறைப்பாடு போகும்.

உங்கள் அடுப்பு சிலிண்டரில் இல்லாமல் வீட்டு இயற்கை எரிவாயுக் குழாயில் ஓடுகிறதென்றால், குழாய்ப் பக்கம் கை வைக்கிறவர் டி.எஸ்.எஸ்.ஏ. (ஒன்ராறியோவில் எரிவாயு வேலைகளின் பாதுகாப்பைக் கவனிக்கிற அமைப்பு) சான்றிதழ் உள்ளவராக இருக்கவேண்டும். பதிவுள்ள ஒப்பந்தக்காரர்களை அவர்களுடைய தளத்தில் தேடிப் பார்க்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்த ஆளிடம் சான்றிதழ் அட்டை கேட்டபோது "காரில கிடக்குது" என்றார்.

அவருடைய விளம்பரம் இன்னும் ஓடுகிறது, நம்பர் மட்டும் வேறு. இப்படி பாபிக்யூ வேலை செய்வித்து இதே மாதிரிப் பில் வாங்கியவர்கள் இருந்தால், பில்லையும் மெசேஜையும் அழிக்காமல் எனக்கு இன்பொக்ஸில் அனுப்புங்கோ. முறைப்பாட்டோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.