மலிவு விலை டிஸ்க்குகளை நம்பலாமா: பல ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

மலிவு விலை ஹார்ட் டிஸ்க்குகளையும் எஸ்எஸ்டிகளையும் பல ஆண்டுகளாக அன்றாட வேலைக்கும் பேக்கப்புக்கும் பயன்படுத்திவருகிறேன். ஆனாலும், எந்த நிறுவனத்தின் டிஸ்க் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தை மட்டும் வைத்து நான் பெயர் சொல்வதில்லை. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவில் பழுதாகும் பொருளை, கையிலிருக்கும் நான்கைந்தைக் கொண்டு எடைபோட முடியாது. இணையவழி பேக்கப் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் தரவு மையங்களில் ஓடும் டிஸ்க்குகளின் விவரங்களை 2013 முதல் திரட்டி மாடல்வாரியாக வெளியிட்டுவருகிறது. ஒரே தயாரிப்பாளரின் இரு மாடல்களுக்கிடையிலேயே பழுது விகிதம் பெரிதும் வேறுபடுவதை அதில் காணலாம்.

விவரத்தாளில் உள்ள எம்டிபிஎஃப் (இரு பழுதுகளுக்கிடையிலான சராசரி நேரம்) எண்ணும் அதிகம் உதவுவதில்லை. 10 லட்சம் மணி நேரம் என்பது, ஆண்டுக்கு ஏறத்தாழ 0.88 விழுக்காடு டிஸ்க்குகள் பழுதாகலாம் என்ற கணிப்பு மட்டுமே. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷ்ரோடரும் கிப்ஸனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நடைமுறையில் ஓராண்டில் மாற்றப்பட்ட டிஸ்க்குகள் பொதுவாக 2 முதல் 4 விழுக்காடாகவும், சில இடங்களில் 13 வரையிலும் இருந்தன.

ஆகவே நான் பார்ப்பது, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ஸ்மார்ட் பதிவுகளைத்தான். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, ஸ்மார்ட்சிடிஎல் போன்ற இலவச மென்பொருள்கள் அவற்றைக் காட்டும். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பழுதானதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்களின் (தரவு எழுதப்படும் சிறு பகுதிகள்) எண்ணிக்கையைக் குறிக்கும் 5, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவற்றைக் குறிக்கும் 197, சரிசெய்ய முடியாதவற்றைக் குறிக்கும் 198 ஆகிய மூன்றையும் மாதந்தோறும் குறித்துவைக்கிறேன். ஒருமுறை ஏறி அங்கேயே நின்றுவிட்ட எண்ணிக்கையோடு நீண்ட காலம் ஓடிய டிஸ்க்கும் என்னிடம் உண்டு. பார்க்கும்போதெல்லாம் ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கையைக் கண்டால் உடனே தரவை வெளியே எடுத்துவிடுவேன். தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கோளாறு கேபிளில்தான் இருக்கும். கேபிளை மாற்றியதும் அது நின்றுவிட்டதைக் கண்டிருக்கிறேன். எனினும் பதிவு சுத்தமாக இருப்பது உத்தரவாதமாகாது: கூகுளின் 2007 ஆய்வில், பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கிய எச்சரிக்கைப் பதிவுகள் எதையும் காட்டாமலே போயிருந்தன.

மலிவு எஸ்எஸ்டிகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. அவை காட்டும் ஆரோக்கிய விழுக்காடு, பெரும்பாலும் ஃபிளாஷ் செல்கள் எழுதி எழுதித் தேய்ந்த அளவைச் சொல்வது. எஸ்எஸ்டியை இயக்கும் சிப்பான கன்ட்ரோலரின் பழுதை அது முன்கூட்டிச் சொல்லாது. தொண்ணூறுக்கு மேல் காட்டிக்கொண்டிருந்த ஒன்று, கணினியை மறுபடி இயக்கியபோது அடையாளமே காட்டாமல் மறைந்துபோனது. மாறாக, டிராம் (வேகத்துக்கான தற்காலிக நினைவகம்) இல்லாத, ஒரு செல்லில் நான்கு பிட்களை வைக்கும் கியூஎல்சி வகையில் பெரிய கோப்பை நகலெடுக்கையில் பாதியில் வேகம் சரிவதைப் பழுது என்று எண்ண வேண்டியதில்லை. எழுதுவதை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதியான கேஷ் நிரம்பியதன் விளைவு அது.

புதிதாக வாங்கியதும் முழுக் கொள்ளளவுக்கும் எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கிறேன். எஃப்3, எச்2டெஸ்ட்டபிள்யூ ஆகியவை இதற்கென்றே உள்ளன. கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலிகள் இதில் பிடிபட்டுவிடும். தேறிய பிறகும், சேர்த்து வாங்கிய ஒரே மாடல் டிஸ்க்குகள் இரண்டில் ஒன்றில் மூலத்தையும் மற்றதில் பேக்கப்பையும் வைப்பதில்லை. அந்தத் தயாரிப்புத் தொகுதியிலேயே குறை இருந்தால் இரண்டும் அடுத்தடுத்துப் போகக்கூடும்.