ஓய்வுக்காலத்தில் வாடகை வருமானத்துக்கு எம்பசி ரீட் எப்படி?

60 லட்ச ரூபாய் ஃப்ளாட்டுக்கு மாத வாடகை 15,000 என்றால் ஆண்டுக்கு 3 சதவீதம். ஒரு மாதம் காலி, பெயிண்டிங், சொத்து வரி எல்லாம் போக இரண்டரைகூடத் தேறாது.

இதற்கு மாற்று ரீட்: பலரிடம் பணம் திரட்டி, கட்டடங்களில் போட்டு, வாடகையைப் பகிர்ந்து தரும் அறக்கட்டளை. 2019 ஏப்ரலில் பங்குச் சந்தையில் பட்டியலான எம்பசி, இந்தியாவின் முதல் ரீட். அலுவலக வளாக வாடகைதான் வருமானம். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதமாவது தந்தாக வேண்டும் என்பது பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி. டீமேட் கணக்கில் ஒரே ஒரு யூனிட்கூட (பங்கு போன்ற அலகு) வாங்கலாம். காலாண்டுதோறும் பணம் வங்கிக்கு வரும்.

கவனிக்க வேண்டியது வரி. வரும் பணம் வட்டி, டிவிடெண்ட், கடன் அசல் (ரீட் தன் துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் திரும்பி வருவது) என்று பிரிந்து வரும். வட்டிக்கு உங்கள் வருமான வரி வரம்புப்படி வரி உண்டு. வீட்டு வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீதக் கழிவு இதில் கிடையாது. அசல் பகுதி, விற்கும்போது வாங்கிய விலையில் கழியும். ஆகவே ஒவ்வொரு பகிர்வு அறிவிப்பையும் பத்திரப்படுத்துங்கள்.

வட்டி விகிதம் ஏறினால் யூனிட் விலை இறங்கலாம். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.