வால்தர் பிபி .32: ரேஞ்சில் நம்பலாம், ஏற்காட்டு ஈரத்தில் கண் வைக்கணும்

9 மி.மீ. பிஸ்டல் சாதாரண லைசென்ஸில் கிடைக்காது. அது தடைசெய்யப்பட்ட வகை. கைக்கு அடக்கமான செமி-ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு சுடலுக்கும் பின் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் பிஸ்டல்) தேடும் சேலத்துக்காரருக்கு மிஞ்சுவது .32 தோட்டா போடும் பிஸ்டல்தான். அதில் உள்நாட்டுத் தயாரிப்பை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் அடிபடும் பெயர் ஜெர்மனியின் வால்தர் பிபி. 1980களின் நடுவிலேயே தனியார் இறக்குமதிக்குக் கதவு சாத்தியாகிவிட்டது. ஆகவே இன்று டீலரிடம் இருப்பதோ வாரிசுரிமையில் வருவதோ எல்லாமே பழைய சரக்கு. மாடலை மட்டும் எடைபோட்டால் போதாது. கையில் இருக்கும் அந்த ஒரு துப்பாக்கியை எடைபோட வேண்டும்.

1929இல் வந்த வடிவமைப்பு. மொத்த நீளம் 170 மி.மீ., பேரல் (குழல்) 98 மி.மீ., எடை முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு, மேகசினில் (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) 8 தோட்டா. பேரல் ஃபிரேமிலேயே (பிடியோடு சேர்ந்த உடல்பகுதி) அசையாமல் நிற்பதால் குறி சிதறுவதில்லை. ப்ளோபேக் முறை, அதாவது வெடிவேகமே ஸ்லைடை (பேரல் மேல் முன்பின் ஓடும் மேல்பகுதி) பின்னுக்குத் தள்ளும் முறை என்பதால், அதை அடக்குவது ஸ்லைடின் கனமும் ஸ்பிரிங்கும்தான். அதனால் இவ்வளவு சின்னத் தோட்டாவுக்கு ஸ்பிரிங் முரட்டுத்தனமாகவே இருக்கும். மூட்டுவலிக்காரர்கள் வாங்குமுன் டீலர் முன்னிலையில் ஸ்லைடை நாலைந்து முறை இழுத்துப் பார்ப்பது நல்லது. கை பெரியவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு: பிடியை உயரமாகப் பிடித்தால் பின்வாங்கும் ஸ்லைடு கட்டைவிரல் கவட்டைக் கீறிவிடும்.

ட்ரிகர் இரட்டைக் குணம். ஹேமர் (பின்னால் இருக்கும் சுத்தியல்) கீழே இருக்கும்போது முதல் அழுத்தம் நீளமும் கனமும், இரண்டாவதிலிருந்து லேசு. ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களம்) ஹேமரை இழுத்து வைத்தே சுட்டுப் பழகியவருக்கு, வீட்டில் அவசரத்துக்கு எடுக்கும்போது முதல் குண்டு தாழ்ந்து போகும். பயிற்சியில் கனமான அழுத்தத்தில் ஒன்று, லேசான அழுத்தத்தில் ஒன்று என்று இரண்டிரண்டாகச் சுடுவதுதான் மருந்து. குறிபார்க்கும் சைட் சின்னது, ஏற்றி இறக்க வழியில்லை. 10, 15 மீட்டரில் குறை சொல்ல முடியாது. 25 மீட்டர் போட்டி ஆசை இருந்தால் வேறு துப்பாக்கி பாருங்கள்.

இதன் பெருமையும் ஆபத்தும் ஸ்லைடின் இடப்பக்க சேஃப்டி லீவரில் இருக்கிறது. கீழே தள்ளினால் ஃபயரிங் பின்னை (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) தடுத்துவிட்டு ஹேமரைத் தானே இறக்கிவிடும். புதிதில் அருமையான ஏற்பாடு. ஆனால் பல்லாண்டு புழங்கித் தேய்ந்தவற்றில் இறங்கும் ஹேமர் தோட்டாவை வெடிக்கவைக்கும் அபாயம் உண்டு. சோதிக்க ஓர் உருண்டைப் பென்சில் போதும். மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பர் (சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே தோட்டா எதுவும் இருக்கக் கூடாது. துப்பாக்கி வாயை மேல்நோக்கி வைத்து, ரப்பர் முனை உள்ளே போகும்படி பென்சிலைப் பேரலில் விடுங்கள். ஹேமரை இழுத்து ட்ரிகரை அழுத்தினால் பென்சில் துள்ள வேண்டும். மறுபடி இழுத்து, இம்முறை சேஃப்டியால் இறக்கினால் இம்மிகூட அசையக் கூடாது. அசைந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அன்றே டீலரிடம் திருப்பி வைத்துவிடுங்கள்.

மேகசினை எடுத்துவிட்டால் சுடாது என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இது சுடும். சேம்பரில் தோட்டா இருந்தால் ஹேமருக்கு மேலே ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டிலும் விரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் காலத்துத் துப்பாக்கிகள் சிலவற்றில் அதுவும் இராது.

தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்வதற்குப் பெரும்பாலும் அதன் அடி விளிம்பே காரணம். .32இன் விளிம்பு உடலைவிடச் சற்று அகலம். மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் விடாது, மேகசினைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொன்றாக, மேல் விளிம்பு முன்னால் இருக்கும்படி நிரப்புங்கள். நீளம் குறைந்த ஹாலோ பாயின்ட் (முனையில் குழியுள்ள) தோட்டாவில் இந்தத் தொல்லை அதிகம்.

இனி ஏற்காடு. 1,500 மீட்டர் உயரம், மாதக்கணக்கில் பனியும் மழையும். மலையில் இந்தத் துப்பாக்கியைக் கெடுப்பது சுடுவதல்ல, தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைப்பது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஒரு மழைக்காலத்தில் ஸ்லைடில் பொரிப்பொரியாகத் துரு ஏறிவிடும். உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில் வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் போதும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம்: மார்கழிக் குளிரில் உறைந்துவிடும், நாளானால் பிசினாகும், ஃபயரிங் பின் சோம்பும்.

கழற்றுவது சுலபம். காலி என்று உறுதி செய்தபின் ட்ரிகர் கார்டை (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) கீழே இழுத்துப் பக்கவாட்டில் சாய்த்து ஃபிரேமில் முட்டுக்கொடுங்கள். ஸ்லைடை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, முன்னால் விடுங்கள். பேரல் மேலுள்ள ஸ்பிரிங்கின் எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து வையுங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். லேசாக கிரீஸ் தடவி, உறையில்லாமல், தோட்டாவைத் தனியாகக் கொடுத்து, வரிசை எண் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் அங்கே யாரும் துடைக்கப் போவதில்லை.

வீட்டுப் பாதுகாப்புக்கு? இந்தத் தோட்டாவின் சக்தி சுமார் 170 ஜூல், 9 மி.மீ.யில் மூன்றில் ஒரு பங்கு. தோட்டத்தில் காட்டெருமை வந்து நிற்கிறது என்று இதை எடுத்துக்கொண்டு போவது முட்டாள்தனம். அதற்கு வலிக்கும், நிற்காது. மேலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் விடாது. ஆள் விஷயத்திலும் பாரதிய நியாய சன்ஹிதா 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் சொல்லும் எல்லைக்குள்தான் தற்காப்பு. காம்பவுண்டு விளக்கும் குரைக்கும் நாயும் இல்லாத வீட்டுக்கு இதை வாங்கச் சொல்ல மாட்டோம். அவை இருந்து, மாதம் ஒருமுறையாவது ரேஞ்சுக்கு இறங்கி வர மனமும் இருந்தால், பென்சில் சோதனையில் தேறிய பிபியைத் தாராளமாக வாங்கலாம்.