கட்டைவிரலா, இரண்டு விரலா: ஃபங்க் பேஸின் இரண்டு வழிகள்

ஃபங்க் என்பது தாளம் தூக்கலான அமெரிக்க இசை. அந்தப் பாட்டுக்குத் தலை தானாக ஆடுகிறதென்றால், பாதிக் காரணம் கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டார்தான். கலிஃபோர்னியாவின் ஓக்லாந்து வட்டாரத்தில் வாசித்த இரண்டு பேர் அதை நேரெதிர் வழிகளில் செய்தார்கள்.

லாரி கிரஹாம் சின்ன வயதில் அம்மாவோடு மேடையேறியவர். டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை. சரி, அதையும் நாமே பார்த்துக்கொள்வோம் என்று கட்டைவிரலால் தந்தியை அடித்தார். அது டிரம்ஸில் 'தும்' என்று அதிரும் பெரிய டிரம், பேஸ் டிரம். இன்னொரு விரலால் சுண்டினார், அது சடக்கென ஒலிக்கும் சின்ன டிரம், ஸ்னேர். இன்றைய 'ஸ்லாப்' வாசிப்பு வளர்ந்தது இப்படித்தான். அவர் வாசித்த ஸ்லை அண்ட் த ஃபேமிலி ஸ்டோன் குழுவின் 'தேங்க் யூ' (1969) பாட்டைக் கேளுங்கள், ஒவ்வொரு அடியும் நெஞ்சில் மோதும்.

டவர் ஆஃப் பவர் குழுவின் ராக்கோ பிரஸ்டியா அந்த வழிக்கே போகவில்லை. வலக்கையின் இரண்டு விரல்கள் ஒரு தாள அடிக்கு நான்கு சுரம் வீதம் விடாமல் ஓடும். இடக்கை தந்தியை லேசாகத் தொட்டு ஒலியை நீளவிடாமல் அமுக்கும். பாதி சுரம், பாதி வெறும் 'டுக் டுக்'. அந்தக் குழுவின் 'வாட் இஸ் ஹிப்?' (1973) பாட்டு முழுக்க இந்தக் கொதிப்புதான்.

கிரஹாம் முதல் தடவையிலேயே பிடித்துப்போவார். பிரஸ்டியா முதலில் காதில் விழவே மாட்டார். ஹெட்ஃபோனில் பேஸை மட்டும் பின்தொடர்ந்தால், அப்புறம் வேறெதுவும் கேட்காது. என் ஓட்டு பிரஸ்டியாவுக்கே. வாசித்துப் பார்த்தால் இரண்டாவது நிமிடத்தில் முன்கை பிடித்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.